மேகம் போர்த்திய எட்டுக்கால் பூச்சி

2022 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மா போன் செய்தபோது நான் தரைக்குக் கீழே 4,700 அடி ஆழத்தில் இருந்தேன்.

உடம்பு இருந்தது பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு வாடகை அறையில். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து கிடைத்த விடுமுறை நாள். மடிக்கணினியில் ஆங்பண்ட் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக ஒரே ஆளை வளர்த்து அந்த ஆழம் வரைக்கும் கூட்டிப் போயிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தேன்.

"ஐயா, சாப்டியா?"

"சாப்டேன்மா."

"கண்ணுக்குள்ள ஒரு எட்டுக்கால் பூச்சி ஓடுதுய்யா. ரெண்டு நாளா."

"என்னம்மா சொல்றீங்க?"

"எட்டுக்கால் பூச்சிதான். கறுப்பா. எந்தப் பக்கம் பாத்தாலும் கூடவே வருது. சுத்தியும் மூட்டமா இருக்கு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. "தூசி விழுந்திருக்கும்மா. தண்ணி ஊத்திக் கழுவுங்க. கண்ணாடியத் தொடச்சீங்களா?"

"தொடச்சேன்யா." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வேலையா இருக்கியா? வெச்சிரவா?"

"கொஞ்சம் வேலைதான்மா."

வைத்துவிட்டார். என் திரையிலும் அந்த நேரத்தில் ஓர் எட்டுக்கால் பூச்சிதான் இருந்தது. அதைச் சுற்றியும் மேகம். இந்த ஒற்றுமை எனக்கு அன்று உறைக்கவே இல்லை.

*

ஆங்பண்ட் இன்றைய பிள்ளைகள் பார்த்தால் விளையாட்டு என்றே ஒப்புக்கொள்ளாத ஒரு விளையாட்டு. 1990-இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கட்லர், ஆண்டி ஆஸ்ட்ராண்ட் என்ற இருவர் எழுதத் தொடங்கியது. அதற்கு முன்னோடி, அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் 1983-இல் ராபர்ட் கோனிக் வெளியிட்ட மோரியா. அதன்பின் கைமாறிக் கைமாறி, யார் யாரோ திருத்தி வளர்த்து, இன்றுவரை இலவசமாகக் கிடைக்கிறது. பல்கலைக்கழக விடுதியில் எனக்கு இதைக் காட்டியவர் ஒரு சீனியர். என் மடிக்கணினி அக்காவின் கணவர் கொடுத்த பழையது. வேறு எந்த விளையாட்டைத் திறந்தாலும் விசிறி அலறும். ஆங்பண்ட் மட்டும் சத்தமில்லாமல் ஓடும்.

காரணம், அதில் படமே கிடையாது. எழுத்துகள்தாம். நீங்கள் ஓர் அட் குறி. நாய்க்கு சி, பெரிய டிராகனுக்கு டி, எட்டுக்கால் பூச்சிக்கு எஸ். நீங்கள் ஒரு விசையைத் தட்டினால் உலகம் ஓர் அடி நகரும். அடுத்த விசையைத் தட்டும் வரைக்கும் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். செத்தால் செத்ததுதான், பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்க முடியாது. ஒரு தளத்துக்கு 50 அடி ஆழம். நூறாவது தளத்தில், 5,000 அடியில், மோர்கோத் என்னும் கடைசி எதிரி உட்கார்ந்திருக்கிறான். எங்கள் பிரிஞ்சாங் பட்டணம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 5,000 அடி மேலே இருக்கிறது. ஊரில் எவ்வளவு உயரத்தில் பிறந்தேனோ அவ்வளவு ஆழத்துக்கு இறங்க வேண்டும் என்று விடுதியில் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்வேன்.

இந்த விளையாட்டில் வெளிச்சம் ஒரு சரக்கு. தீப்பந்தத்தைக் கடையில் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். எரிந்து தீர்ந்துவிடும். அதன் வெளிச்சம் உங்களைச் சுற்றி இரண்டு கட்டம்வரை எட்டினால் பெரிது. வெளிச்சம் இல்லையென்றால் தப்பிக்க வைத்திருக்கும் மந்திரச் சுருளைக்கூட வாசிக்க முடியாது. ஒரு புதிய தளத்தில் கால் வைத்ததும், எதுவும் கண்ணில் படுவதற்கு முன்பே, இந்த இடம் எப்படிப்பட்டது என்று விளையாட்டு ஒரு வரி சொல்லும். அமைதியான இடம், ஆபத்தான இடம், உயிர் போகும் இடம் என்பதைப் போல. ஆங்பண்ட் ஆடுகிறவர்கள் அந்த ஒரு வரிக்குக் கொடுக்கும் மரியாதையை வேறெதற்கும் கொடுக்க மாட்டார்கள். காரணம் கேட்க மாட்டோம். வரி மோசமாக இருந்தால், வந்த படியிலேயே திரும்பிவிடுவோம்.

அந்த ஞாயிறன்று வரி மோசமாகத்தான் இருந்தது. நல்ல பொருளும் கிடக்கிறது என்று தெரிந்ததால் பேராசையில் தங்கிவிட்டேன். தூரத்தில் ஓர் எஸ் தெரிந்தது. கறுப்புத் திரையில் கரிய சாம்பல் நிறத்தில். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உங்கோலியண்ட்.

*

உங்கோலியண்ட் டோல்கினின் கதாபாத்திரம். அவர் 1973-இல் இறந்தபின் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977-இல் வெளிவந்த 'சில்மரில்லியன்' நூலில் வருகிறாள். ஆங்பண்ட் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். மோர்கோத்தின் கோட்டை அது. உலகத்துக்கு ஒளி தந்துகொண்டிருந்த இரண்டு மரங்களை அழிக்க மோர்கோத் இவளைத்தான் துணைக்குக் கூட்டிப் போகிறான். பிரம்மாண்டமான எட்டுக்கால் பூச்சி. ஒளியைக் குடிப்பவள். குடித்த ஒளியை இருட்டு நூலாகத் திரித்து வலை பின்னுவாள். அவளைச் சுற்றி எப்போதும் ஒரு மேகம். அந்த மேகத்துக்குள் துரத்திக்கொண்டு வந்தவர்களெல்லாம் கண் தெரியாமல் திகைத்து நின்றுவிடுகிறார்கள்.

அந்த மேகத்துக்கு டோல்கின் வைத்த பெயரை 'அல்லொளி' என்று தமிழாக்கலாம் என்பது என் யோசனை. ஒளி அல்லாதது. தமிழில் 'அல்' என்றால் இரவு என்றும் பொருள் இருப்பது வசதியாகப் போயிற்று. அது வெறும் இருட்டு இல்லை. வெளிச்சம் இல்லாத இடத்தில் இருப்பது இருட்டு. இது வெளிச்சத்தைத் தின்று செய்த பொருள். ஆங்பண்டிலும் அவள் அப்படித்தான். மேகம் சூழ வருவாள், சுற்றியிருக்கும் ஒளியை உறிஞ்சுவாள், இருட்டை மூச்சாக விடுவாள். அது மேலே பட்டால், தகுந்த காப்பு இல்லாதவனுக்குப் பார்வை போய்விடும்.

கணினி விளையாட்டுகளில் எட்டுக்கால் பூச்சிக்குப் பஞ்சமே இல்லை. 1998-இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' தொடங்கி 2011-இன் 'ஸ்கைரிம்' வரைக்கும் குகை என்று ஒன்று இருந்தால் அதில் கட்டாயம் ஒன்று தொங்கும். பயந்தவர்கள் அவற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கரடியை வைக்கும் திருத்தங்களை எழுதினார்கள். பிறகு விளையாட்டுக்காரர்களே அதற்கு வழி செய்துவிட்டார்கள். 2020-இல் வெளிவரத் தொடங்கிய 'கிரவுண்டட்' விளையாட்டில், பயத்துக்குத் தகுந்தபடி பூச்சியின் கால்களைக் குறைத்துக்கொண்டே போகலாம். கடைசியில் மிதக்கும் ஓர் உருண்டைதான் மிஞ்சும். 2024-இல் 'ஹாக்வர்ட்ஸ் லெகசி'க்கும் அப்படி ஒரு வசதி வந்தது. பயம் காலில் இருக்கிறது, காலை எடுத்துவிட்டால் பயம் போய்விடும் என்பது இவர்களின் கணக்கு. பெரும்பாலும் சரியான கணக்குத்தான்.

உங்கோலியண்டிடம் அந்தக் கணக்கு செல்லாது. அவளுக்கு ஆங்பண்டில் கால்களே இல்லை, ஓர் எழுத்துதான். அவளிடம் பயப்பட வேண்டியது பசிக்கு. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. கதையில் மரங்களின் ஒளியைக் குடித்து முடித்ததும் மோர்கோத்திடமே கை நீட்டுகிறாள். அவன் கொள்ளையடித்து வந்த மணிகளையெல்லாம் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கிறாள். கொடுக்க மறுத்ததும் அவனையே வலையில் சுற்றுகிறாள். அவன் போட்ட கூச்சலில் அவன் ஆட்கள் வந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. கடைசியில் அவள் பசி பொறுக்காமல் தன்னையே தின்றுவிட்டாள் என்றொரு பேச்சு உண்டு.

டோல்கினைக் குழந்தையாக இருந்தபோது தென்னாப்பிரிக்காவில் ஒரு பெரிய சிலந்தி கடித்திருக்கிறது. ஆனால் அதனால் தனக்குச் சிலந்திமேல் வெறுப்பு எதுவும் இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். பயம் அவருடைய பிள்ளை மைக்கேலுக்குத்தான். 'ஹாபிட்' கதையில் சிலந்திகள் வந்ததற்குக் காரணமே அந்தப் பிள்ளைதான். பிள்ளைக்கு எதன்மேல் பயம் என்று அந்தத் தகப்பனுக்குத் தெரிந்திருந்தது.

அன்றிரவு உங்கோலியண்ட் இரண்டே மூச்சில் என் ஆளைக் கொன்றாள். முதல் மூச்சில் பார்வை போயிற்று. பார்வையை மீட்கும் மருந்து, விளையாட்டில் கடையிலேயே மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது. என் பையில் ஒன்றுகூட இல்லை. தீர்ந்துபோனது தெரிந்தும் அப்புறம் வாங்கலாம் என்று விட்டிருந்தேன். எட்டு மாத உழைப்பு. ஒரு வாரம் அந்தத் துக்கம் இருந்தது. கேன்டீனில் இரண்டு பேரைப் பிடித்து உட்காரவைத்து அவன் எப்படிச் செத்தான் என்று அடி அடியாகச் சொன்னேன். அம்மா சொன்ன பூச்சியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம்கூட.

*

நான் பிறந்து வளர்ந்தது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா முப்பது வருடத்துக்குமேல் அங்கே வேலை செய்தவர். முதலில் கையால் கொழுந்து கிள்ளினார். பிறகு பை மாட்டிய கத்தரி வந்தது. நான் ஃபோர்ம் திரீ படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த ஃபீஸ், பஸ் காசு, விடுதிக் காசு எல்லாம் அந்தக் கத்தரியில் வெட்டி விழுந்ததுதான்.

எங்கள் பக்கம் மேகத்தை மேகம் என்று யாரும் சொல்வதில்லை. மூட்டம் என்போம். சமவெளிக்காரர்களுக்கு மேகம் அண்ணாந்து பார்க்கிற ஒன்று. எங்களுக்கு அது வாசல்வழியாக வந்து அடுப்படிக்குள் நிற்கும். சின்ன வயதில் மூட்டத்தைக் காட்டித்தான் பெரியவர்கள் பிள்ளைகளை மிரட்டுவார்கள். வெள்ளைக்காரனே காணாமல் போயிருக்கிறான், நீயெல்லாம் எம்மாத்திரம் என்பார்கள். அந்த வெள்ளைக்காரர் பாங்காக்கில் பட்டு வியாபாரம் செய்த ஜிம் தாம்ப்சன். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து மதியத்துக்குமேல் நடந்து போனவர் திரும்பவே இல்லை. தேடாத இடமில்லை. ஒரு தடயமும் கிடைக்கவில்லை. லயத்து வீடுகளில் அவரை மூட்டம் முழுங்கிவிட்டது என்று கதையை முடித்துவிடுவார்கள்.

அம்மாவுக்கு மூட்டத்தில் பயம் கிடையாது. காலை இருட்டோடு என்னைப் பள்ளி பஸ்ஸுக்கு நடத்திக் கூட்டிப் போவார். ஒருநாள் தேயிலைச் செடிகள் முழுக்க வலையாக இருந்தது. செடிக்குச் செடி, ஆயிரம் இருக்கும். ஒவ்வொரு நூலிலும் பனித்துளி கோத்திருந்தது. ஒரே ராத்திரியில் இத்தனை எட்டுக்கால் பூச்சி எங்கிருந்து வந்தது என்று நான் மிரண்டு நின்றேன்.

"தெனமும் இருக்கறதுதான்யா. வெயில்ல கண்ணுக்குத் தெரியாது, மூஞ்சியில ஒட்டுனாத்தான் தெரியும். மூட்டம் வந்தாத்தான் வல எங்க இருக்குன்னு பாக்கலாம்" என்றார்.

அதே பாதையோரத்து மண்சுவரில் இன்னொரு வகைப் பூச்சியையும் காட்டினார். பார்த்தால் பாசி படிந்த மண்தான். அதில் ஒரு சின்ன வட்ட மூடி. மூடியின் விளிம்பிலிருந்து ஏழெட்டு நூல்கள் வெளியே நீண்டு மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். அம்மா ஒரு புல் தாளைப் பிடுங்கி நூலில் ஒன்றை மெல்லத் தொட்டார். மூடி லேசாகத் தூக்கி, மூடிக்கொண்டது. "அது அதோட வீட்டுக் கதவு. ஒருவாட்டி தட்டிட்டுப் போயிரணும். சும்மா சும்மா தட்டுனா பாவம்."

அதன் பெயர் லிஃபிஸ்டியஸ் என்பது பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தெரிந்தது. இன்று உயிரோடு இருக்கும் சிலந்திகளில் மிகப் பழைய வம்சம். மற்றச் சிலந்திகளின் வயிற்றில் மறைந்துபோன அடுக்குத் தட்டுகள் இதற்கு இன்னும் இருக்கின்றன. இதன் உறவினம் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் புதைபடிவமாகக் கிடைக்கிறது. 1849-இல் இந்த இனம் முதன்முதலாக அறிவியல் உலகத்துக்கு அறிமுகமானது பினாங்கிலிருந்து. நாம் தைப்பூசத்துக்குப் படியேறும் பத்துமலையிலும், பக்கத்துக் குகை இருட்டுக்குள் இதன் வகை ஒன்று உண்டு. இது வலை கட்டித் தொங்குவதில்லை. வளைக்குள் இருந்துகொண்டு வெளியே போகும் நூல்களில் காலை வைத்துக் காத்திருக்கும். வெளியே நடப்பது எதையும் அது பார்ப்பதில்லை. நூல் அசைந்தால் போதும்.

நான் வேலை செய்வது தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில். என் வேலையும் ஏறக்குறைய அதுதான். இயந்திரத்தின் உள்ளே பார்க்க முடியாது. வெளியே வரும் எண்களில் சின்னதாக ஒரு மாற்றம் தெரிந்தால், இயந்திரம் பழுதாகும் முன்பே நிறுத்த வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று பேர்.

*

சீனப் புத்தாண்டு விடுமுறைக்குத்தான் ஊருக்குப் போனேன். 2023 ஜனவரி 21. போன் வந்து ஆறு வாரத்துக்குமேல் ஆகியிருந்தது. சிம்பாங் பூலாய் வழியாக மலையேறி வீடு சேரும்போது சாயங்காலம்.

அம்மா எனக்குத் தே ஊற்றினார். கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். மேசைத் துணி நனைவது அவருக்குத் தெரியவில்லை. நான் கையைப் பிடித்ததும், "அடடா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கேயோ கேட்டதாக இருந்தது. போனில் நான் சிரித்தது.

"அந்தப் பூச்சி இன்னும் இருக்காம்மா?"

"எது? ஓ, அதா. எடது கண்ணுல இப்போ பூச்சியில்ல, மூட்டந்தான். வலது கண்ணுல ஒண்ணு ரெண்டு ஓடுது. பழகிப்போச்சு."

மறுநாள் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போய், விடுமுறை முடிந்த கையோடு ஈப்போவில் கண் டாக்டரிடம் காட்டினோம். அம்மாவுக்குப் பத்து வருடத்துக்குமேல் இனிப்பு நீர். நம் வீடுகளில் அது ஒரு புதுச் செய்தி இல்லை. 2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்த நாட்டு இந்தியர்களில் வயது வந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், மாத்திரை டப்பாவைத் திறக்காத ஆள் யார் என்றுதான் எண்ண வேண்டும்.

டாக்டர் இளவயது மலாய்ப் பெண். பொறுமையாகப் படம் வரைந்து விளக்கினார். அவர் மலாயில் சொல்வதை நான் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். இனிப்பு நீரால் விழித்திரையின் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. ரத்தம் கிடைக்காத விழித்திரை புதுக் குழாய்களை வரவழைக்கிறது. அப்படி முளைக்கும் குழாய்கள் நூல் மாதிரி மெல்லியவை, லேசாக உடையக்கூடியவை. உடைந்தால் கண்ணுக்கு நடுவிலுள்ள பாகு போன்ற பகுதியில் ரத்தம் கசியும். நோயாளிக்கு முதலில் கறுப்பு நூலோ ஒட்டடையோ பூச்சியோ மிதப்பதாகத் தெரியும். கசிவு கூடினால் புகை மூட்டம்.

"பலபேர் எட்டுக்கால் பூச்சி என்றுதான் சொல்வார்கள்" என்றார் டாக்டர்.

விழித்திரை ஏன் புதுக் குழாய்களைக் கூப்பிடுகிறது என்று நான் கேட்டேன். அவர் ஒரே சொல்லில் சொன்னார்: லாப்பார். பசி.

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கண்ணுக்குமா பசி?" என்றார்.

அதற்குச் செய்யும் வைத்தியம் லேசர். விழித்திரையின் ஓரப்பகுதிகளில் நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஒளியால் சுடுவார்கள். சுட்ட இடம் ரத்தம் கேட்காது. பசி குறையும். நடுவிலுள்ள பார்வையைக் காப்பாற்ற ஓரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம் என்று முன்பே சொல்லிவிட்டார். வலது கண்ணுக்கு அதைச் செய்தார்கள். நடுப்பார்வை நின்றது. இடது கண்ணில் விழித்திரை இழுபட்டுப் பிரிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அதில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான்.

ஆறு வாரம் முன்பே வந்திருந்தால் இடது கண் பிழைத்திருக்குமா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். சீக்கிரம் வந்திருந்தால் நல்லதுதான், ஆனால் இது ஆறு வாரத்தில் வந்ததில்லை, பல வருடமாக வந்தது என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. எனக்கு அது ஆறுதலாக இல்லை. அந்தப் பல வருடமும் நான் இருந்தேனே.

அக்கா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கேட்டார். "ஒங்கிட்டதானேடா மொதல்ல சொல்லிருக்காங்க? ஏன் எனக்கு ஒரு வாட்சாப்புக்கூட பண்ணல?"

"தூசின்னு நெனச்சேன்."

"நெனச்சியா, இல்ல காதுலயே வாங்கலியா?"

பதில் சொல்லவில்லை. கேள்வி சரியாகத்தான் இருந்தது.

தோட்டத்து வீட்டைக் காலி செய்யும்போது சாமி மேடைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. என் பழைய பள்ளி அறிக்கைப் புத்தகங்களுக்கு அடியில் கிளினிக் சீட்டுகள். வருடத்துக்கு ஒருமுறை கண்ணைப் படம் எடுக்க வரச்சொல்லிக் கொடுத்த தேதிகள். சிலவற்றுக்குப் போயிருந்தார், பலவற்றுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, ஒருநாள் சம்பளம் போகும், கூட்டிப்போக ஆள் வேண்டும், நீயும் அக்காவும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அரிசி விலை சொல்வதைப் போலச் சொன்னார். அந்த வருடங்களில் நான் மாதாமாதம் பணம் அனுப்பியிருக்கிறேன், வாரம் ஒருமுறை பேசியிருக்கிறேன். அந்தச் சீட்டுகளைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

உங்கோலியண்டுக்கு இரை கொடுத்தவன் மோர்கோத் என்பதை அன்றிரவு நினைத்துக்கொண்டேன். தன் வேலை முடியும்வரை அவளுடைய பசியைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை. ஒளியைக் குடித்துக்குடித்து அவள் எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று திரும்பிப் பார்க்கும்போதுதான் பயப்படுகிறான்.

*

அம்மா இப்போது ஈப்போவில் அக்காவோடு இருக்கிறார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று புலம்புவார். ஒற்றைக் கண்ணால் சீரியல் பார்ப்பார். போன மாதம் போயிருந்தபோது நான் மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புது ஆள் ஒருவனை 1,000 அடிக்கு இறக்கியிருந்தேன். ஒரு வழியில் மர்க்வுட் காட்டுச் சிலந்திக் கூட்டம் ஒன்று வந்தது. நாலைந்து எஸ்.

"இது என்னாய்யா?"

"எட்டுக்கால் பூச்சிம்மா."

முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தலையை இடது பக்கம் திருப்பி, வலது கண்ணால் நேராகப் பார்த்தார். "இதுவா? காலே காணோம்?"

"எழுத்துதாம்மா. நாமதான் கால் இருக்குன்னு நெனச்சிக்கணும்."

"எங்கண்ணுல வந்ததுக்கும் கால் இல்ல" என்றார். "மொதல்ல ஒரு புள்ளிதான். நேரா பாத்தா ஓடிரும். சும்மா இருந்தா மெதுவா வந்து ஒக்காரும். ரெண்டு நாள் கழிச்சுத்தான் அதுலேர்ந்து நூல் நூலா எறங்குச்சி. அதுக்கப்புறம் மூட்டம். செவப்பா வந்து, அப்புறம் கறுப்பாச்சி. வேலைக்காட்டுல நிக்கறப்ப, ஊர்ல மூட்டமா எங்கண்ணுல மூட்டமான்னு பக்கத்துல நிக்கிற பொண்ணுகிட்ட கேட்டுக்குவேன்."

இவ்வளவையும் அவர் அன்றைக்கே சொல்லியிருப்பார். கேட்பதற்கு என்னிடம் ஒரு நிமிடம் இருந்திருந்தால் போதும். இரண்டாவது கேள்வி ஒன்றை நான் கேட்டிருந்தால் போதும்.

"சரி, ஆடு ஆடு. ஒன்ன கடிச்சிரப் போவுது" என்று எழப்போனார்.

"கடிக்காதும்மா. நான் விசையைத் தட்டுற வரைக்கும் அது நகராது. எத்தன நேரம்னாலும் அப்படியே நிக்கும்."

"அப்படியா? ரொம்ப நல்ல பூச்சியா இருக்கே" என்றார்.

ஆமாம். அந்த ஞாயிறன்றும் அப்படித்தான் நின்றிருக்கும். போனை ஸ்பீக்கரில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய், அரைமணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தாலும் உங்கோலியண்ட் அதே கட்டத்தில், அதே மேகத்தோடு எனக்காகக் காத்திருந்திருப்பாள். ஆங்பண்ட் ஆடத்தொடங்கிய முதல் நாளிலிருந்து எனக்குத் தெரிந்த விதி அது.

மடிக்கணினியை மூடாமலேயே அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "அந்தப் பொண்ணு என்னம்மா சொல்லும்?"

"எந்தப் பொண்ணு?"

"மூட்டம் ஊர்லயா கண்ணுலயான்னு கேப்பீங்களே."

"அதுவா? நேப்பாளத்துப் பொண்ணு. அதுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அது பாஷ தெரியாது. கையப் புடிச்சிக்கும்" என்றார்.